பல் டாக்டரம்மா வளைச்ச தெரு

ஏப்ரல் 6

என் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நாங்க இங்க இருக்கோம். நீ சுகமான்னு கேட்க வாய் வரல. அதனால சாப்பிடுறியா, தூங்குறியான்னு மட்டும் கேட்டு வைக்கிறேன்.

உனக்குப் போன் அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சதுதான் மிச்சம். நீ ஓட்டுற ரயில்ல கார்டா வர்றாரே, அவர்தான் சொன்னார், நீ போனை அணைச்சு அலமாரியில துணிக்கு அடியில வச்சிருக்கேன்னு. சரி, தபாலைத் துணிக்கு அடியில வைக்க முடியாதுல்ல, தபால்காரர் கதவைத் தட்டுவார். அதான் பேனாவை எடுத்துட்டேன்.

விஷயம் எல்லாத்தையும் அவர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கேட் இல்லாத கிராஸிங். ஒரு மனுஷன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத் தண்டவாளத்துக்கு வந்துட்டார். நீ ஹார்ன் அடிச்சே, பிரேக் போட்டே, வண்டி நிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. விசாரணையில உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. டாக்டர் லீவு கொடுத்திருக்கார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லல. சொல்லணும்னு நான் கேட்கவும் மாட்டேன்.

உன் தலை காடு மாதிரி இருக்காம். நீ குடியிருக்கிற மாடிக்குக் கீழேயே முடி வெட்டுற கடை. படியிறங்கினா போதும். அதையாவது செய்.

அத்தான் வீட்டோடதான் இருக்கார். போர்டு எழுதுற வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கார். அவர் பேச்சுதான் உனக்குத் தெரியுமே, இப்ப அதுவும் கம்மி.

பதில் போடு. ரெண்டு வரி போதும்.

உன் அக்கா

மே 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நான் இருக்கேன். நீயும் அத்தானும் நல்லா இருக்கணும்.

முடி வெட்டிக்கிட்டேன். கீழ்க்கடைக்காரர் கண்ணாடிக்கு மேல ஒரு தட்டு வச்சிருக்கார். அதுல பவுடர் டப்பாவுக்கும் சீப்புக்கும் நடுவுல கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள் நிக்குது. சட்டைப் பொத்தான் வரைக்கும் பெயின்ட். "நீங்க செஞ்சதா?"ன்னு கேட்டேன். அவர் கத்தியைத் துடைச்சுக்கிட்டே, "ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க"ன்னார். போனேன். வேற வேலை இல்ல.

படத்துக்குச் சட்டம் போடுற கடையோட பின்னறை. நடுவுல பெரிய மேசை. அதுல ஒரு குட்டி ஊரை வச்சு, சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி யுத்தம் விளையாடுறாங்க. அளவு நாடாவால அளந்து அளந்து நகர்த்துறாங்க. சுவருக்குப் பின்னாடி நிக்கிறவனைச் சுடறது கஷ்டம், திறந்த வெளியில நிக்கிறவன் காலி. அதனால சுவர், மரம், வீடு எல்லாம் வேணும். அதைச் செய்றதுதான் அவங்களுக்குப் பாதி வேலை. எல்லாரும் பெரியவங்க. முடி வெட்டுறவரை அங்க ஜெனரல்ங்கிறாங்க. ஒரு பல் டாக்டரம்மா. வரி ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒருத்தர், விதிப் புத்தகத்தைக் கையை விட்டு இறக்கவே மாட்டார். இன்னும் சிலர்.

இந்த வருஷம் சவால் ஒண்ணு வச்சிருக்காங்க. யுத்தத்துல பாதி இடிஞ்ச ஒரு ஊர். ஆளுக்கு ஒரு பலகை, ஊரோட ஒரு துண்டு. மாசா மாசம் எவ்வளவு ஆயிருக்குன்னு கொண்டுவந்து காட்டணும். அக்டோபர் கடைசியில எல்லாத்தையும் ஒட்டி வச்சு ஒரு பெரிய ஆட்டம். என்னையும் சேர்த்துட்டாங்க.

"டிரைவர் கையில ஸ்டேஷனைக் கொடுங்க. இவரை விட்டா யாருக்குத் தெரியும்?"னு ஜெனரல் சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு ஸ்டேஷன் வந்திருக்கு.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

தம்பி

மே 14

தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் வாசல்லயே நின்னு பிரிச்சுட்டேன். நான் நல்லா நடமாடிக்கிட்டுத்தான் இருக்கேன். உனக்கு உடம்பு எப்படி? அதை எழுதவே இல்ல, சிப்பாய்க்குப் பொத்தான் இருக்கிறதை மட்டும் எழுதியிருக்கே.

தலை நரைச்சவங்க எல்லாம் ரூமைச் சாத்திக்கிட்டு பொம்மை வச்சு விளையாடுறீங்களா? நல்லதுதான். சின்ன வயசுல என் பொம்மைக்கு மீசை வரைஞ்சவன் நீ. அந்த அம்மா பகல்ல பல்லைப் பிடுங்கிட்டு ஞாயித்துக்கிழமை ஊரை இடிக்கிறாங்களா? கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்த வீட்டுல சத்தம் கேட்டு நாளாச்சு, எனக்கே தூக்கிவாரிப் போட்டுது.

ஒண்ணு மட்டும் கேட்கிறேன். ஸ்டேஷனா? உனக்கு நடந்தது அவங்களுக்குத் தெரியுமா? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. ஒரு குளமோ தோப்போ கேட்டு வாங்கியிருக்கலாமே.

அத்தான் இருக்கார். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டிருக்கேன், வெளிச்சம் நல்லா வருது.

மறக்காம எழுது.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். லீவை நீட்டியிருக்காங்க. நீயும் அத்தானும் சுகமா?

பதில் எழுத நாளாயிடுச்சு. பலகை வேலை இருந்துச்சு. தெர்மாகோலை அறுத்து பிளாட்பாரம் செஞ்சேன். அறுத்தா பொடி பறக்கும், துணியில ஒட்டிக்கிட்டு உதறினாலும் போகாது. அதனால அறுக்கிறதைக் குளியலறையில வச்சுக்கிட்டேன். ஐஸ் குச்சியை நறுக்கி வரிசையா அடுக்கி அது மேல கம்பி ஒட்டினா தண்டவாளம். நடுவுல ஜல்லிக்குப் பூந்தொட்டி மண்ணைச் சலிச்சு எடுத்தேன். வடிகட்டின டீத்தூளைக் காயவச்சுத் தூவினா நிஜ மண்ணு மாதிரியே இருக்குன்னு பல் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க பல் அச்சு எடுக்கிற மாவைக் கரைச்சு ஊத்தித்தான் சுவர் செய்றாங்க. "என் ஊர்ல ஒரு வீட்டுக்கும் சொத்தை வராது"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

ஸ்டேஷன் கூரையில பாதியை உடைச்சுட்டேன். செஞ்சு முடிச்சு அப்புறம் உடைக்கணும், உடைஞ்ச மாதிரியே செய்யக் கூடாது. அது இங்க ஒரு முறை.

வேலை செய்யும்போது ஒண்ணும் தோணாது. செய்யாதப்பவும் ஒண்ணும் தோணல.

அத்தான்கிட்ட ஒரு உதவி வேணும். ஸ்டேஷன்ல மாட்ட போர்டு வேணும். பயணச்சீட்டு, குடிநீர், வெளியே செல்லும் வழி. ஒவ்வொண்ணும் நகத்தளவு தகரம். இந்த அளவுக்கு எழுத அவரை விட்டா எனக்கு ஆள் தெரியாது. அரிசி மேல பேர் எழுதுறவங்களையே கிண்டல் பண்ணுவாரே. அவர்கிட்ட சொல்லு.

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

இங்க வெயில்ல வீடே கொதிக்குது. நான் திடமாத்தான் இருக்கேன், நீ எப்படி இருக்கே? டீத்தூளைத் தூவினது சரி, டீயைக் குடிச்சியா?

போர்டு சங்கதியை அத்தான் காதுல போட்டேன். கேட்டுக்கிட்டார். பார்க்கலாம்.

எதிர்வீட்டம்மா புதுசா நாய் வாங்கியிருக்காங்க. அது என்னைப் பார்த்தா குரைக்காது, தபால்காரரைப் பார்த்தா விடாது. அவரும் என் பேர்ல தபால் வந்தாத்தான் இந்தத் தெருவுக்குள்ள வர்றார் போல. நீ அடிக்கடி எழுதினா நாய்க்கும் ஒரு வேலை ஆகும்.

ஸ்டேஷனைப் பத்தி நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. பரவாயில்ல. நானும் எல்லாத்துக்கும் பதில் எழுதுறவ இல்ல.

அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

நலமா இருக்கேன். அத்தானுக்கு வேலை அதிகமா? போர்டு இன்னும் வரல. அவசரப்படுத்தல. ஆகஸ்ட்ல ஒட்டியாகணும், அதனாலதான்.

பலகைகளோட ஓரம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்னு விதி. ரோடு எல்லாம் பலகை ஓரத்துல நட்ட நடுவுல வந்து முடியணும். பக்கத்துப் பலகையில அந்த ரோடு தொடரணும். எனக்குப் பக்கத்துல பல் டாக்டரம்மாவோட கடைத்தெரு. அது நேரா வந்து என் பலகையில ஏறுது. என் பக்கம் ஓரத்துக்குக் கிட்டேயே தண்டவாளம் ஓடுது. அப்ப ரோடு தண்டவாளத்தைக் கடந்துதான் ஸ்டேஷனுக்கு வரணும்.

வரி ஆபீஸ்காரர் விரலால தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கிராஸிங் போட்டுட்டா முடிஞ்சுது. உங்களுக்குச் சொல்லணுமா?"ன்னார். போடுறேன்னு சொன்னேன்.

அந்த இடத்துல இப்ப பச்சை மரத்தூள் தூவி வச்சிருக்கேன். புல் மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் முடிஞ்சுது.

அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை ஆட்டம். நீங்க ரெண்டு பேரும் வந்து பார்க்கலாமே. என்கிட்ட ரெண்டு கட்டில் இருக்கு. அத்தானுக்கு இந்த அறை பிடிக்கும், ஒரே பெயின்ட் வாசனை.

தம்பி

ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

போர்டுகளை இதோட அனுப்பியிருக்கேன். பஞ்சுல சுத்தித் தீப்பெட்டிக்குள்ள வச்சிருக்கேன், திறக்கும்போது மூச்சை விட்டுடாதே, பறந்துடும்.

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. வீட்டு வேலைக்கே நேரம் சரியா இருக்கு. நான் கொஞ்சம் இளைச்சிருக்கேன், எதிர்வீட்டம்மா ரகசியம் கேட்கிறாங்க. எல்லாம் படியேறி இறங்கித்தான்னு சொல்லி வச்சிருக்கேன்.

அக்டோபர்ல வர முடியாதுடா. வீட்டை விட்டு வர முடியாது. வரணும்னு ஆசை இருக்கு. கோவிச்சுக்காதே. போட்டோ எடுத்து அனுப்பு.

உன் புல் எப்படி இருக்கு? புல்லாவே இருக்கட்டுமே. யார் கேட்கப் போறாங்க?

அக்கா

செப்டம்பர் 1

அக்கா,

போர்டு கிடைச்சுது. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். 'வெளியே செல்லும் வழி'யில இருக்கிற ழ அத்தானோட ழ இல்ல. அவர் ழ-வுக்கு வால் கீழே இறங்கிச் சுருண்டு நிக்கும். இது பாதி வழியிலேயே நின்னுபோச்சு. இப்படி எழுதி ஸ்கூல்ல குட்டு வாங்கினது நீதான். உன் கடிதத்தை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அதே ழ.

அப்புறம் எல்லாக் கடிதத்தையும் எடுத்து வரிசையா படிச்சேன். வீட்டோட இருக்கார். பேச்சு கம்மி. ஜன்னல் பக்கம் கட்டில். அஞ்சு மாசமா படிக்கிறேன், மண்டையில ஏறவே இல்ல. போன கடிதத்துல அவரைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல.

அத்தானுக்கு என்ன?

தம்பி

செப்டம்பர் 9

தம்பிக்கு,

அக்காதான். நீ திடமா இருந்து படி.

மார்ச் மாசம். ஏணி மேல இல்ல, ஒண்ணும் இல்ல, வாசல் பக்கக் கடையில தரையில நின்னு பிரஷ் கழுவிக்கிட்டிருந்தார். டப்பா கீழே விழுந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பக்கவாதம். வலது கை, வலது கால் வரல. பேச்சு வரல. ஆஸ்பத்திரியில வச்சிருந்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா வரலாம், வராமலும் போகலாம்னாங்க. இன்னும் வரல. அன்னைக்கிலிருந்து கடையைத் திறக்கல.

நீ ஏற்கெனவே ஒண்ணைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டிருந்தே. அது மேல இதையும் வைக்கணுமா? உனக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தப்ப சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். வீட்டோடதான் இருக்கார்னு ஒரு வரி எழுதினேன். அதுவே போதும்னு தோணுச்சு. நான் பொய் எழுதலடா. திரும்பப் படிச்சுப் பாரு, ஒரு பொய் இருக்காது. நீ போனை எடுக்காதது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. பேசியிருந்தா என் குரலே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

எனக்கு அழுகை வரல, அதான் ஒரு மாதிரியா இருக்கு. ஒரு நாள் அழுது தீர்த்துடலாம்னு கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தேன். சோப்பு தீர்ந்துபோச்சு, வாங்கணும்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு. எழுந்து கடைக்குப் போயிட்டேன்.

எல்லாத்தையும் விடப் பெரிய வேலை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறது. ஒரே பக்கமா கிடந்தா முதுகு புண்ணாயிடும். ஆள் கனம் உனக்குத் தெரியும். போர்வையைச் சுருட்டி இழுத்து, முட்டியை முட்டுக் கொடுத்து, எப்படியோ திருப்பிடுறேன்.

போர்டை நான்தான் எழுதினேன். அவரோட மெல்லிசு பிரஷ்ஷை எடுத்தேன். அவர் கண்ணு முன்னாடி தகரத்தை ஒரு ட்ரேயில வச்சுக்கிட்டு எழுதினேன். பாத்துக்கிட்டே இருந்தார். ழ எழுதினதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். பேச்சு போச்சே தவிர, குத்தம் கண்டுபிடிக்கிற குணம் போகல.

நீ பதறிப் புறப்பட்டு வராதே. உன்னால இப்ப ரயில்ல ஏற முடியாதுன்னு எனக்குத் தெரியும்.

அக்கா

செப்டம்பர் 14

அக்கா,

இந்தக் கடிதத்துக்குப் பின்னாடியே நானும் வந்துடுவேன். எது முதல்ல வரும்னு தெரியல. பஸ் உங்க ஊருக்கு நேரா கிடையாது. ரயில்லதான் வர்றேன். டிக்கெட் வாங்கிட்டேன்.

காலையில கீழே போய் ஜெனரல் நாற்காலியில உட்கார்ந்தேன். துணியைப் போர்த்தினார்.

"கொஞ்ச நாள் ஊர்ல இருக்க மாட்டேன். பலகையைக் கொண்டுபோய் அறையில வச்சுடுங்க. நான் வரலன்னாலும் ஆட்டத்துல சேர்த்துக்கோங்க."

"அப்ப முடிச்சுட்டீங்களா?"

"ரோடு வர்ற இடம் மட்டும் முடியல. அதை என்னால முடிக்க முடியாது."

"ஏன், சாமான் தீர்ந்துபோச்சா? எங்கிட்ட இருக்கு."

"இல்ல. பிப்ரவரியில ஒரு கிராஸிங்ல என் வண்டியில அடிபட்டு ஒருத்தர் செத்துட்டார்."

கத்திரி நின்னுது. அவர் முகத்தை நான் பார்க்கல. கண்ணாடியில என் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன், டிவியில செய்தி வாசிக்கிறவன் முகம் மாதிரி இருந்துச்சு. தெருவுல யாரோ ஸ்கூட்டரை உதைச்சுக்கிட்டிருந்தாங்க, அது கிளம்பவே இல்ல. அப்புறம் அவர், "தலையைக் கொஞ்சம் குனிங்க டிரைவர்"னார். குனிஞ்சேன். மீதியை வெட்டி முடிச்சார். கழுத்துல இருந்த முடியை வழக்கத்தை விட ரொம்ப நேரம் தட்டி விட்டார்.

இதை வெளியில ஒருத்தர்கிட்ட சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னா ஏதாவது ஆகும்னு நினைச்சேன். ஒண்ணும் ஆகல. படியேறி வந்து பெட்டி கட்டினேன்.

அத்தான்கிட்ட நான் வர்றேன்னு சொல்லு.

தம்பி

அக்டோபர் 10

தம்பிக்கு,

நல்லபடியா போய்ச் சேர்ந்தியா? நான் சுகம், நிஜமாவே. அத்தானும் நீ இருந்தப்ப எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கார். இனிமே உனக்கு முழுசா எழுதணும்னு முடிவு பண்ணியிருக்கேன், அதனால இதையும் எழுதுறேன். முதுகுல சிவந்திருந்த இடம் ஆறிடுச்சு.

நீ வந்த அன்னைக்கு வாசல்ல நின்னப்ப உன் சட்டை நனைஞ்சு உடம்போட ஒட்டியிருந்துச்சு. மழையான்னு கேட்டேன். இல்லன்னே. அதுக்கு மேல நான் கேட்கல. பையை வச்சுட்டு நேரா உள்ளே போய், "அத்தான், இடது பக்கமா, வலது பக்கமா?"ன்னு கேட்டே. அவர் கண்ணால காட்டினார். ரெண்டு பேரும் பிடிச்சுத் திருப்பினோம். எவ்வளவு சுலபமா திரும்பிட்டார்! நான் இத்தனை மாசமா மல்லுக்கட்டின வேலையா இதுன்னு ஆயிடுச்சு. "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன்"னே. படுத்ததுதான் தெரியும், எழுந்தப்ப மறுநாள் வெயில் வந்துடுச்சு. நான் அப்படித் தூங்கி எத்தனை காலம் ஆச்சு!

நீ கிளம்புறதுக்கு முந்தின நாள் சமையல்கட்டுல பாத்திரம் துடைச்சுக்கிட்டே சொன்னியே, அதை நினைச்சுக்கிட்டே இருக்கேன். அந்த மனுஷன் ஹார்ன் சத்தத்துக்கு ஓடலன்னு சொன்னே. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்த்தார், பாதை கேட்க நிக்கிறவர் மாதிரி. அவருக்கு என் முகம் தெரிஞ்சிருக்கும் அக்கா, என்னைத்தான் கடைசியா பார்த்திருப்பார்னு சொன்னே. சொல்லிட்டு அடுத்த தட்டை எடுத்துத் துடைச்சே. உன்கூட நின்னு நானும் துடைச்சேன். அவ்வளவுதான் செய்ய முடிஞ்சுது.

போறப்ப ரயில் எப்படி இருந்துச்சு? அதை எழுது. ஆட்டம் முடிஞ்சதும் எப்படி நடந்துச்சுன்னும் எழுது. அத்தானுக்குப் படிச்சுக் காட்டணும்.

அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் இங்க சௌக்கியம். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுறேன், சத்தமா படி.

முதல்ல ரயில். உங்க ஊருக்கு வந்தப்ப ஜன்னல் பக்கம் உட்காரல. ஒவ்வொரு கிராஸிங் வரும்போதும் முன்னாடி டிரைவர் ஹார்ன் அடிப்பார். எங்க அடிப்பார்னு எனக்குத் தெரியும், அதுக்கு முன்னாடியே கை இறுகிடும். எதிர்ல ஒரு அம்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "வயித்து வலியா தம்பி?"ன்னாங்க. ஆமான்னேன். பையிலிருந்து ஓமத்தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. வலிக்கவே இல்ல, இருந்தாலும் குடிச்சேன். திரும்பி வந்தப்ப அந்த அம்மா இல்ல. ஹார்ன் அடிச்சப்பவெல்லாம் கை இறுகத்தான் செஞ்சுது. ஆனா நடுவுல கொஞ்சம் தூங்கியிருக்கேன்.

இப்ப ஆட்டம். காலையிலேயே போயிட்டேன். எல்லாப் பலகையும் வந்திருந்துச்சு. என்னோடது ஓரமா துணி மூடி இருந்துச்சு. எல்லாத்தையும் மேசை மேல ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வச்சாங்க. என் பலகை பக்கத்துல கடைத்தெருவை வச்சப்பதான் கவனிச்சேன். தெரு மாறியிருந்துச்சு. நேரா வந்துக்கிட்டிருந்த ரோடு பாதியில வளைஞ்சு, ஒரு இடிஞ்ச வீட்டைச் சுத்திக்கிட்டு, பள்ளிக்கூடம் இருக்கிற பலகைப் பக்கம் போயிடுச்சு. என் தண்டவாளத்துக்கு வரல. அவங்க ஓரத்துலயும் என் ஓரத்துலயும் புல்தான். பொருத்தினா ஒரே வயல் மாதிரி ஆயிடுச்சு.

அத்தான், அது லேசான வேலை இல்லன்னு உங்களுக்குப் புரியும். கல் பதிச்ச தெரு அது. ஒவ்வொரு கல்லையும் பல் குத்துற ஊசியால கீறியிருந்தாங்க. மாசக்கணக்குல செஞ்சதை உடைச்செடுத்து, மறுபடி மாவு ஊத்தி, மறுபடி கீறியிருக்காங்க. பள்ளிக்கூடம் செஞ்சவரும் தன் மதில்ல ஒரு வாசல் திறந்து விட்டிருக்கார், ரோடு உள்ளே வர்றதுக்கு.

வரி ஆபீஸ்காரர் விதிப் புத்தகத்தோட வந்தார். "ரோடு ஓரத்துல நடுவுல முடியணும்ல..."ன்னு ஆரம்பிச்சார். ஜெனரல் அவரைப் பார்த்தார். அவர் புத்தகத்தை மூடிட்டு, "முடியுதே, அந்தப் பக்கம் முடியுதே"ன்னார்.

நான் பல் டாக்டரம்மாகிட்ட போனேன். "தெருவை மாத்திட்டீங்க"ன்னேன்.

"முன்னாடி கோணலா இருந்துச்சு. கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் திருத்திட்டேன்"னாங்க. என் முகத்தைப் பார்க்கல. பகடையைக் கையில குலுக்கிக்கிட்டே இருந்தாங்க.

நன்றி சொல்லணும்னு நினைச்சேன். மடக்கு நாற்காலி ஒண்ணைப் பிரிச்சு அவங்களுக்குப் போட்டேன், உட்கார்ந்தாங்க.

ஆட்டம் சாயங்காலம் வரைக்கும் போச்சு. ஜெனரல் தோத்துட்டார். அவர் படை முழுக்கக் கடைத்தெரு வளைவுல மாட்டிக்கிச்சு, திட்டம் போடுறப்ப அந்த வளைவை அவர் கணக்குலயே எடுத்துக்கல. "நானே சம்மதிச்ச வளைவு, என் கழுத்தையே அறுத்துடுச்சு"ன்னார். ஒரு சிரிப்பு வந்துச்சு எல்லாருக்கும். எனக்கும்தான். என் ஸ்டேஷனுக்கு ஒருத்தனும் வரல. பிளாட்பாரத்துல ஒரே ஒரு சிப்பாய் காவல் நின்னான், கடைசி வரைக்கும் உயிரோட இருந்தான். அக்கா, நிறைய பேர் குனிஞ்சு உன் போர்டைப் படிச்சாங்க. ழ-வை யாரும் குத்தம் சொல்லல.

பிரிச்சு அவங்கவங்க பலகையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. நான் என்னோடதை அங்கேயே கொடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த வருஷம் புதுசா சேர்றவங்களுக்கு ஆகும்.

கடைசியா ஒரு சேதி. இனிமே வண்டி ஓட்ட மாட்டேன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். மேலதிகாரி, "அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் லீவு எடுங்க"ன்னார். லீவு போதும் சார்னேன். உங்க ஊர் டிப்போவுல டிரைவர்களுக்கு வேலை நேரம் பிரிச்சுக் கொடுக்கிற மேசை காலியா இருக்கு, அதைக் கேட்டேன். நேத்து உத்தரவு வந்துடுச்சு. இந்த மாசக் கடைசியில அங்க இருப்பேன். போனை அலமாரியிலிருந்து எடுத்துட்டேன், சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு.

வீட்டைக் காலி பண்ணச் சாமான் கட்டிக்கிட்டிருக்கேன், கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன். தெரியல. சந்தோஷமா இருக்கான்னு கேட்டா அதுவும் தெரியல. ஆனா அத்தானைத் திருப்ப ரெண்டு ஆள் வேணும்கிறது தெரியும்.

நான் வர்ற வரைக்கும் தனியா திருப்பாதே. எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுக்கோ. அவங்க கால் பக்கம் பிடிச்சா போதும்.

தம்பி